நிலைவாசலுக்கு ஒரு துணித் தோரணம்

சித்திரை முதல் நாள் நெருங்கி வருகிறது. வீட்டைக் கழுவி, நிலைப்படிக்கு மஞ்சள் பூசி, வாசலில் தோரணம் கட்டும் வேலை தாய்மார்களுக்கு வந்துவிடும். அந்தத் தோரணத்தை வீட்டிலுள்ள துணியைக் கொண்டே தைத்துக்கொள்வது எப்படி என்பதை இன்று சொல்லப்போகிறோம். ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். சில அளவுகள் வரும், குறித்துக்கொள்ள வேண்டும்.

மாவிலை இருக்கத் துணி எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். மாமரம் இருக்கிறவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். லயத்துக்குப் பின்னால் ஒரு மாமரம், கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மாமரம் என்று இருந்த வரையில், விடிவதற்கு முன்பே பிள்ளைகள் ஓடிப்போய் ஒரு கொத்து ஒடித்து வந்துவிடுவார்கள். இன்று நிலைமை எல்லோருக்கும் அப்படி இல்லை. பால்மரக் காடு செம்பனைக் காடானது. செம்பனைக் காடு பல இடங்களில் வீடமைப்புப் பகுதியானது. இப்போது புத்ராஜெயா நகரம் இருக்கும் இடத்தில் முன்பு பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்தன. 1990களில் அங்கிருந்த குடும்பங்கள் டிங்கிலில் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோக நேர்ந்தது. இப்படி இடம் மாறிய குடும்பங்கள் நாடெங்கும் உண்டு. நான்காம் மாடியில் கதவு இருக்கிறது, நிலை இருக்கிறது, மரம் இல்லை. பண்டிகைக்கு முதல் நாள் சந்தையில் மாவிலைக் கொத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இல்லாவிட்டால் கடையில் பிளாஸ்டிக் தோரணம் வாங்கி மாட்டுகிறார்கள். அது இரண்டு வருஷத்தில் வெயிலில் வெளுத்து, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறது.

தென்னங்குருத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்னைக்கு உச்சியில் ஒரே ஒரு வளர்முனைதான் உண்டு. அது பட்டால் மரமே பட்டது. நன்றாக வளர்ந்த தென்னை ஏறக்குறைய மாதத்துக்கு ஓர் ஓலை விடுகிறது; ஒவ்வோர் ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை வருகிறது. பொங்கலுக்கு ஒரு குருத்து, சித்திரைக்கு ஒரு குருத்து, தீபாவளிக்கு ஒரு குருத்து, நடுவில் ஒரு கல்யாணம் என்று வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒரே மரத்திலிருந்து வெட்டிக்கொண்டே இருந்தால், அந்த மரம் காய்க்கவில்லை என்று பிறகு குறைப்பட்டுக்கொள்வதில் பயனில்லை. செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தென்னைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வெட்டிச் சாய்த்த பனைமரம் மக்கும் இடத்தில் காண்டாமிருக வண்டு பெருகிக் குருத்தைத் துளைக்கும். அதற்கு மேல் நம்முடைய கத்தியும் வேண்டுமா?

எங்கள் பள்ளியில் உயர்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைவேலை வகுப்பில் இந்தத் தோரணத்தைச் சொல்லிக்கொடுத்தோம். பெற்றோர் சிலரிடமிருந்து ஒரு மறுப்பு வந்தது. குறிப்பாக, பாட்டிமார்கள். "உடுத்திக் கழித்த துணியை மங்கல வாசலில் கட்டலாமா, வாத்தியாரே?" என்று கேட்டார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. மாவிலைக்கு அழகே அது அன்றைக்குப் பறித்தது என்பதுதான். அந்தப் பசுமையைத் துணி தராது. ஆகவே சாமி மாடத்துக்கு ஒரே ஒரு சிறு கொத்தாவது பச்சை மாவிலை தேடிக் கட்டுங்கள். ஐந்து இலை போதும். முன்வாசல் நிலைக்குத் துணித் தோரணம் இருக்கட்டும். பழந்துணி கூடவே கூடாது என்கிறவர்கள், பச்சைப் பருத்தித் துணி அரை மீட்டரும் மஞ்சள் துணி கால் மீட்டரும் புதிதாக வாங்கினால் ஒரு வாசலுக்குத் தாராளமாகக் காணும்.

வடிவத்தைப் பற்றியும் கேட்டார்கள். பட்டணத்துக் கடைகளில் கதவில் மாட்டத் துணிப்பூ வைத்த வட்ட வளையங்கள் விற்கின்றன. கிறிஸ்தவக் குடும்பங்கள் கிறிஸ்துமசுக்கு அப்படி மாட்டுவது வழக்கம். அது அவர்கள் முறை. ஆனால் மலர்வளையம் என்றதும் நம் மக்களுக்கு நினைவு வருவது துக்க வீடு. வருஷப் பிறப்பன்று அது வேண்டாம். நீளத் தோரணமே நமக்குப் பொருத்தம்.

இனி வேலைக்கு வருவோம்.

பச்சைத் துணிக்கு எங்கும் அலைய வேண்டாம். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பையன் வீட்டில் இருந்தால், அவனுக்குக் குட்டையாகிப்போன பச்சைப் பள்ளிக் கால்சட்டை ஒன்று பெட்டியில் கிடக்கும். முற்றிய மாவிலையின் நிறம் அப்படியே அதில் இருக்கிறது. முழங்காலும் உட்காரும் இடமும்தான் நைந்திருக்கும். முழங்காலுக்குக் கீழே துணி கெட்டியாகவே இருக்கும். தையலைப் பிரித்து, வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, இஸ்திரி போடுங்கள்.

முதலில் தாளில் இலை மாதிரி செய்யவேண்டும். இரண்டரை அங்குல அகலமும் ஏழரை அங்குல நீளமும் உள்ள தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் அரை இலையை வரைந்து வெட்டிப் பிரித்தால் இரு பக்கமும் ஒத்துவரும். நடுவில் அகலம், கீழே கூர்மை, மேலே காம்புப் பக்கம் ஓர் அங்குலம். இதைப் பிள்ளைகள் செய்யட்டும். கணக்குப் பாடத்தில் சமச்சீர் புரியாத பிள்ளைக்கும் இங்கே புரிந்துவிடுகிறது.

பதினொரு இலை வேண்டும். ஓர் இலைக்கு இரண்டு துண்டு; ஆக இருபத்திரண்டு துண்டு. பதினைந்து பதினாறு வயதுப் பையனின் கால்சட்டையில், ஒரு காலின் கீழ்ப்பாதியில் முன்பக்கத் துணியில் வரிசைக்கு மூன்று, பின்பக்கத் துணியில் மூன்று என்று இரண்டு வரிசை வெட்டலாம். ஒரு காலுக்குப் பன்னிரண்டு, இரண்டு காலுக்கும் இருபத்து நான்கு. இரண்டு துண்டு மிச்சம். வெட்டுவதில் ஒன்று கெட்டாலும் கவலையில்லை.

இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்கும்படி வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தையுங்கள். காம்புப் பக்கம் மட்டும் திறந்திருக்க வேண்டும். கைத்தையல் போதும், மெஷின் இருந்தால் வேலை விரைவாக முடியும். கூர்முனையில் தையலுக்கு வெளியே உள்ள துணியைச் சற்றுக் கத்தரித்துவிட்டு உள்புறத்தை வெளியே திருப்புங்கள். கால்சட்டைத் துணி தடிப்பாக இருப்பதால் முனை சுலபமாக வராது. கூர் சீவாத பென்சிலை உள்ளே விட்டு மெதுவாகத் தள்ளவேண்டும். ஊசியால் குத்தி இழுக்காதீர்கள், நூல் பிரிந்துவிடும். திருப்பியபின் இஸ்திரி போட்டு, நடுவில் வெளிர்பச்சை அல்லது மஞ்சள் நூலால் ஓர் ஓட்டுத் தையல் ஓட்டினால் அதுவே நடுநரம்பு. இந்த ஒரு தையலில்தான் துணி இலையாகிறது. நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

மெல்லிய சேலைத் துணியில் செய்தால் இலை துவண்டு தொங்கும். அதற்கு மரவள்ளி மாவுக் கஞ்சி நல்லது. ஒரு மேசைக்கரண்டி மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் இரண்டு குவளைத் தண்ணீரில் ஊற்றிக் கண்ணாடிபோல் தெளியும்வரை கிளறுங்கள். ஆறியபின் துணியை முக்கிப் பிழிந்து, அரை ஈரத்தில் இஸ்திரி போடுங்கள்.

பூவுக்கு மஞ்சளோ காவியோ. ஒன்றரை அங்குல அகலம், பதினெட்டு அங்குல நீளமுள்ள துண்டை நீளவாக்கில் மடித்து, வெட்டிய ஓரங்கள் சேரும் பக்கத்தில் நீள நீளமாக ஓட்டுத் தையல் போட்டு நூலை இழுத்தால் சுருக்கம் விழும். அதைச் சுருட்டி அடியில் நான்கு தையல் போட்டால் செவ்வந்தி. பத்துப் பூ வேண்டும். புதுத்துணி என்றால் முதலில் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாக அலசிவிட்டுத்தான் வெட்டவேண்டும்.

கோக்க நைலான் கயிறு வேண்டாம், வழுக்கும். பாவாடை நாடாதான் நல்லது. வாசல் மூன்றடி என்றால் நாடா நான்கடி. நாடாவின் மையத்தில் ஆறாவது இலையை முதலில் வைத்துக்கொண்டு இரு பக்கமும் போங்கள். இலையின் நடுவிலிருந்து அடுத்த இலையின் நடுவுக்கு மூன்றேகால் அங்குலம். திறந்த காம்பு ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடக்கி, நாடாவின் மேல் ஓர் அங்குலம் பின்னால் மடித்துத் தையுங்கள். மாவிலைக் காம்பைக் கயிற்றில் மடித்துக் குத்துவோமே, அதே முறைதான். இரண்டு இலைக்கு நடுவில் ஒரு பூ. ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தவர்களுக்கெல்லாம் கடைசியில் இலை வாசலைத் தாண்டிப் போனதைப் பள்ளியில் பார்த்திருக்கிறோம்.

ஓர் எச்சரிக்கை. பச்சை மாவிலை சட்டென்று தீப்பிடிக்காது, துணி பிடிக்கும். கால்சட்டைத் துணியில் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்திருக்கும். அது எரிவதோடு உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே சாமி விளக்குக்கு மேலேயோ, கற்பூரம் காட்டும் இடத்திலோ இதைக் கட்டவே கூடாது. வாசலில் அகல் வைக்கிறவர்கள் நிலைக்கு நேர்கீழே வைக்காமல் இரண்டடி தள்ளி வையுங்கள்.

பண்டிகை முடிந்து ஒரு வாரத்தில் கழற்றிவிடுங்கள். வருஷம் முழுதும் தொங்கினால் ஒட்டடைதான் சேரும். பார்க்கிறவர்களுக்கும் அது தோரணமாகத் தோன்றாது. கஞ்சி போட்டிருந்தால் நன்றாக அலசி எடுத்துவிட வேண்டும். கஞ்சிப் பசைக்குக் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் வரும். நன்றாகக் காய்ந்தபின், மடிக்காமல் சுருட்டி, பழைய தலையணை உறையில் போட்டு வையுங்கள். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் வாசலின் அளவை எழுதிப் போடுங்கள். தீபாவளிக்கு எடுக்கும்போது வேறு வீட்டுக்கு மாறியிருந்தால், எத்தனை இலை கூட்டவேண்டும் என்று தெரிந்துவிடும்.