ஊசியும் செவியும்
(பங்கின் பொன்விழா மருத்துவ முகாமில் ஆற்றிய உரை)



அக்குபங்சர் என்னும் ஊசி வைத்தியத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி விழாக் குழுவினர் எங்களைப் பணித்தார்கள். பேசுவதைவிடக் கேட்பதுதான் எங்களுக்குப் பழக்கம். ஆயினும் பெரியவர்கள் சொல்லைத் தட்ட முடியாமல் உங்கள் முன் நிற்கிறோம்.

சீன நாட்டில் ஈராயிரம் ஆண்டுகளாக வழங்கிவரும் இவ்வைத்தியம் நம் நாட்டிற்கு வந்த வரலாறு, ஒரு தியாகத்தோடு பிணைந்தது. ஜப்பானியப் படையெடுப்பால் சீனா அல்லலுற்ற 1938-ஆம் ஆண்டில், இந்திய தேசிய காங்கிரஸ் 5 மருத்துவர்களை அங்கே அனுப்பியது. அவர்களுள் ஒருவரான சோலாப்பூர் டாக்டர் துவாரகநாத் கோட்னிஸ், காயமுற்ற வீரர்களுக்கு ஓய்வின்றிப் பணிபுரிந்து, 1942 டிசம்பரில், தமது 32-ஆம் வயதில் அங்கேயே உயிர்நீத்தார். அவருடன் சென்றிருந்த டாக்டர் பி. கே. பாசு, பின்னாளில் மீண்டும் சீனா சென்று இக்கலையைக் கற்று, 1959-இல் கல்கத்தாவிற்குக் கொண்டுவந்தார். மத்திய அரசு இதனை 2003-இல் ஒரு சிகிச்சை முறையாகவும், 2019-இல் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றுக்கொண்டது.

நாங்கள் பயிற்சி பெற்றபோது முதல் ஊசியைக் குத்தியது பஞ்சு உருண்டையில். கோயம்புத்தூரில் பஞ்சுக்குப் பஞ்சமா! அடுத்த ஊசி எங்கள் காலிலேயே. நோயாளிக்கு எப்படி இருக்கும் என்பது நமக்கு முதலில் தெரிய வேண்டும் என்பார் எங்கள் ஆசிரியர். உடலில் 361 இடங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டப் பழகினோம். ஆனால் எங்கே குத்தலாம் என்று கற்ற நாட்களைவிட, எங்கே குத்தக்கூடாது என்று கற்ற நாட்களே அதிகம். தோளிலும் மார்பிலும் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலைத் துளைத்துவிடும். கர்ப்பிணிகளுக்குச் சில இடங்களைத் தொடுவதில்லை. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களை முன்னரே விசாரித்து அறிய வேண்டும்.

எங்களிடம் வருகிறவர்கள் உழைத்துத் தேய்ந்தவர்கள். மில்லில் நின்றே வேலை பார்த்த கால்கள், சோமனூரில் விசைத்தறி ஓட்டிய இடுப்பு, திருப்பூரில் குனிந்து பனியன் தைத்த கழுத்து. ஆகவே, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்ட பிறகுதான், "எங்கே வலிக்குது?" என்று கேட்கிறோம்.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியில் தீராத இடுப்புவலி உடைய 1,162 பேரிடம் நடத்திய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. முறைப்படி ஊசி இட்டவர்களில் 100-க்கு ஏறக்குறைய 48 பேர் நலம் கண்டனர். வேறு இடங்களில் மேலோட்டமாகக் குத்தி, ஊசி வைத்தியம் போலவே செய்தபோதும் 44 பேர் நலம் கண்டனர். வழக்கமான மாத்திரையும் உடற்பயிற்சியும் பெற்றவர்களிலோ 27 பேர். எங்கள் தொழிலுக்கு இது கசப்பான கணக்குத்தான். ஆனால் மறைப்பது முறையன்று. குத்தும் இடத்தைவிட, அமர்ந்து கேட்ட நேரமும், தொட்ட கையும், நோயாளியின் நம்பிக்கையும் அதிகம் செய்திருக்கின்றன என்றே நாங்கள் இதனைப் புரிந்துகொள்கிறோம். நம்பிக்கைக்கு அவ்வளவு வலிமை இருக்கிறதென்றால், அதைத் தவறாகப் பயன்படுத்துவது எவ்வளவு பெரிய தீமை!

ஒரு நாள் பல்லடம் பக்கத்திலிருந்து வயதான தாய் ஒருவர் வந்தார். பாதம் மரத்துப் போகிறது என்றார். பேச்சினூடே, "ஏனுங்க, ஊசி போட்டுக்கிட்டாச் சக்கரை மாத்திரையை நிறுத்திப் போடலாமுங்களா? ஒருத்தரு நிறுத்தச் சொன்னாருங்க. பத்து நாளா நான் திங்கறதே இல்லீங்க" என்றார். அவருடைய பாதத்தைத் திருப்பிப் பார்த்தோம். அடியில் ஒரு புண். மரத்த கால் ஆகையால் அவருக்கே அது தெரியவில்லை. அன்று ஊசி இடவில்லை. கூடவே ஆளை அனுப்பி மருத்துவமனையில் சேர்த்தோம். மாத்திரை மீண்டும் தொடங்கியது, புண் ஆறியது, கால் பிழைத்தது. இன்னும் சில வாரம் கடந்திருந்தால் அந்தக் காலை எடுக்க நேர்ந்திருக்கலாம்.

ஆகவே உங்களை வேண்டிக்கொள்வது இதுதான். சர்க்கரைக்கோ, இரத்த அழுத்தத்திற்கோ, காசநோய்க்கோ உண்ணும் மருந்தை, எந்த ஊசிக்காரர் சொன்னாலும், நாங்களே சொன்னாலும், உங்கள் டாக்டரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். உங்கள் கண்முன் உறை பிரித்த புதிய ஊசியை மட்டுமே ஏற்றுக்கொள்ளுங்கள். நெஞ்சுவலியோ, வாய் கோணுதலோ, காரணமின்றி உடல் இளைத்தலோ கண்டால் எங்களிடம் வராமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். எல்லா நோயையும் தீர்ப்பேன் என்பவரைக் கண்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வீடு திரும்புங்கள்.

வீட்டில் வலியோடு இருக்கும் பெரியவர்களுக்கு ஊசி இட உங்களுக்குத் தெரியாது. ஆனால் பக்கத்தில் அமர்ந்து, அவர்கள் சொல்வதை முழுவதும் கேட்க உங்களால் முடியும். எங்கள் வைத்தியத்தில் பாதி அதுவே. அதற்குப் பட்டமும் வேண்டாம், காசும் வேண்டாம்.