கம்பெனி நிதி உத்தியோகமும் முதலீட்டு பாங்கித் தொழிலும்
(நமது சங்க வாலிபர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



கம்பெனிகளின் நிதிப் பிரிவில் உத்தியோகம் வகிக்கும் நம் வாலிபர் சிலர், அதனை விட்டு முதலீட்டு பாங்கித் தொழிலிற் புக விரும்புகின்றனர். பெற்றோரோ, மாதந் தவறாது வரும் சம்பளத்தை உதறுவதா என்று கலங்குகின்றனர். இரு சாராரையும் நோக்கியே யாம் பேச வந்தோம்.

முதலிற் பெயரால் வரும் மயக்கம் நீங்க வேண்டும். இது டிபாசிட்டு வாங்கி வட்டிக்குக் கொடுக்கும் பாங்கியன்று. பங்கு வெளியிட்டு மூலதனம் திரட்டும் கம்பெனிக்கும், வேறொரு கம்பெனியை வாங்கவோ விற்கவோ கருதும் கம்பெனிக்கும் யோசனை கூறி, காரியத்தை முடித்துக் கொடுத்து ஊதியம் பெறுவது இத்தொழில். நம் தேசத்தில் கிரிண்ட்லேஸ் பாங்கி இதனைத் தொடங்கிற்று. ஸ்டேட் பாங்கி 1972இல் பின்தொடர்ந்தது. 1992இல் செபி இதற்கெனத் தனி விதிகள் செய்தது. இதனை வெறுந் தரகென்று இகழும் பெரியோர் ஒன்றறிய வேண்டும்: பங்கு வெளியீட்டுப் பத்திரத்திற் கண்டவற்றைத் தீர விசாரித்ததாகச் செபிக்குச் சான்று எழுதிக் கொடுப்பவர் இவரே.

கம்பெனி நிதி ஊழியர் ஒரே கம்பெனியின் பட்ஜெட்டு, ரொக்கம், கடன் ஆகியவற்றை ஆண்டு முழுதும் காப்பவர். பாங்கரோ இம்மாதம் சிமெண்டும் மறுமாதம் மருந்தும் மதிப்பிட வேண்டியவர். இரண்டும் சந்திக்குமிடம் ஒன்றுண்டு. டாட்டா ஸ்டீல் கோரஸ் கம்பெனியை வாங்கிய வரலாற்றை நோக்குங்கள். 2006 அக்டோபரில் பங்கொன்றுக்கு 455 பென்ஸ் என்று தொடங்கிய பேரம், பிரேசில் நாட்டுக் கம்பெனி போட்டியிட்டமையால், 2007 ஜனவரி முடிவில் 608 பென்ஸ் வரை ஏறிற்று. ஏறிய ஒவ்வொரு பென்ஸுக்கும் இரண்டு கேள்விகள்: அவ்வளவு பெறுமா? பணம் எங்கிருந்து வரும்? முன்னது பாங்கர் நாடோறும் கேட்பது. பின்னது நிதி ஊழியர் நன்கறிந்தது. (அவ்வளவு கொடுத்தது தகுமா என்பது வேறு கதை. போர்ட் டால்பட்டின் கடைசி ஊதுலை 2024இல் அணைந்தது.)

ஆதலின், தம் கம்பெனி பெருங்கடன் வாங்கும்போதும், பிற கம்பெனியை வாங்கும்போதும் அக்காரியத்தில் உடனிருந்தவருக்கே இம்மாறுதல் எளிது. மாதக் கணக்கு மட்டும் முடித்தவருக்கு அரிது. அவர் உத்தியோகத்திலிருந்துகொண்டே அத்தகைய வேலையைக் கேட்டுப் பெறட்டும். எதிர்கால ரொக்க வரவைக் கணித்துக் கம்பெனியை மதிப்பிடப் பழகட்டும். தணிக்கை நிறுவனங்களின் மதிப்பீட்டுப் பிரிவும், சிறிய மெர்ச்சண்ட் பாங்கர் அலுவலகமும் நல்ல வாயில்களே. ஐந்தாறு ஆண்டு அனுபவத்தை அப்படியே எண்ணுவாரல்லர். ஒரு படி இறங்கி அமர மனம் வேண்டும்.

பெற்றோர் அச்சமும் வீணன்று. 2021இல் கோல்ட்மன் சாக்ஸின் முதலாண்டு ஊழியர் பதின்மூவர் தாமே எடுத்த கணக்கில், வாரத்துக்குச் சராசரி 95 மணி நேரம் உழைத்ததாகக் கண்டது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தபோது, அத்தனை பெரிய பெயரும் ஊழியரைக் காக்கவில்லை. போனஸ் ஆண்டுதோறும் ஒருபடித்தாய் வராது. ஓராண்டுச் செலவுக்குரிய பணம் கையிலின்றியும், வீட்டுக் கடன் வாங்கிய சூட்டோடும் இம்மாறுதலைச் செய்யலாகாதென்பது எமது திடமான அபிப்பிராயம்.

மற்றொன்று. மகனுக்கு இணங்கும் வீட்டார், மகள் இதையே கேட்டால் இரவு வேலையென்று தடுப்பது நியாயமன்று. நள்ளிரவில் வீடு திரும்ப அலுவலகம் வண்டி தருகிறதா, தங்குமிடம் எவ்வளவு தூரம் என்று விசாரித்து, வேண்டிய ஏற்பாட்டைச் செய்து அனுப்புங்கள்.