சூளைக்குள் மூன்றாம் ஆண்டு



அச்சிலிருந்து எடுத்த பீங்கான் பொம்மை எவ்வளவு அழகாக இருந்தாலும் விருத்தாசலத்துத் தொழிலாளி அதற்கு உடனே விலை சொல்ல மாட்டார். சூளையிலிருந்து வரட்டும் என்பார். விரிசல் அங்கேதான் தெரியும்.

மருத்துவ மாணவருக்கும் ஒரு சூளை உண்டு.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் ஆய்வாளர் ஹோஜத்தின் குழுவினர் மாணவர்களின் பரிவை ஆண்டுதோறும் அளந்தார்கள். முடிவு 2009இல் வந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் பெரிய மாற்றமில்லை. மூன்றாம் ஆண்டில் பரிவு சரிந்தது. அங்கே மாணவர்கள் நோயாளியின் கட்டிலருகே முழுநேரமாக நிற்கத் தொடங்குவதே அந்த ஆண்டில்தான்! வேலைப்பளு, நேரமின்மை, பார்த்துப் பின்பற்ற நல்ல மூத்தவர் இல்லாமை ஆகியவற்றை ஆய்வாளர்கள் சுட்டினார்கள்.

அதே ஆண்டு பெல்ஜியத்திலிருந்தும் ஓர் ஆய்வு வந்தது. படிப்பு வளர வளர, மாணவரின் தேர்ச்சியில் பொறுப்புணர்வின் பங்கு கூடிக்கொண்டே போனது. கலகலப்பாகப் பழகும் குணம் தொடக்க ஆண்டுகளில் உதவவில்லை. நோயாளிகளைச் சந்திக்கும் பிந்தைய ஆண்டுகளில் கைகொடுத்தது. நுழைவுத் தேர்வு நாளில் யாரும் எடைபோடாத குணங்கள் இவை.

பார்த்துப் பின்பற்றத்தக்க மூத்தவர்கள் நம் மண்ணில் இருந்தார்கள். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்ற கோவிந்தப்ப வேங்கடசாமி, மகப்பேறு மருத்துவராக விரும்பினார். முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது, விரல்கள் கோணிப்போயின. எழுந்து வந்தவர் கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களால் கத்தி பிடிக்கத் தம்மைத் தாமே பழக்கிக்கொண்டார். ஓய்வுபெற்றபின் 58 வயதில், 1976இல், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அந்தக் கைகளே செய்தன.

சென்னை அடையாற்றில், முத்துலட்சுமி ரெட்டி 1954இல் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனையில் மறு ஆண்டு சேர்ந்தவர் மருத்துவர் சாந்தா. அந்த வளாகத்தையே வீடாக்கிக்கொண்டு, 2021இல் மறையும்வரை அங்கேயே உழைத்தார். இவர்களிடம் பயின்ற மாணவர்கள் பரிவைப் பாடப்புத்தகத்தில் தேட வேண்டியிருக்கவில்லை, எதிரிலேயே பார்த்தார்கள்.

2019இல் இந்திய மருத்துவப் படிப்பில் மனப்பான்மையும் நெறியும் நோயாளியிடம் பேசும் முறையும் பாடமாகவே சேர்ந்தன. அதில் பாதியாவது வீட்டுத் திண்ணையில் நடக்க வேண்டும். நீட் மதிப்பெண்ணை ஆவலோடு கேட்ட நம் விருத்தாசலம், மூன்றாம் ஆண்டு விடுமுறைக்கு வரும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கட்டும்: வார்டில் யாரோடு பேசினாய்? அந்த அம்மா எந்த ஊர்? உன் ஆசிரியர் அவரிடம் எப்படிப் பேசினார்?