குருவின் சமன்பாடும் மாணவரின் கணக்கும்



மன்னாரில் நம் வீடுகளிற் பிள்ளையொருவன் கணிதம் படிக்கப் போகிறேன் என்றால், "படித்து வாத்தியார் ஆகலாம், வேறென்ன?" என்று பெரியோர் கேட்பதுண்டு. அவர்களுக்குப் பேராசிரியர் சி. ஜே. எலியேசரின் இளமையை நினைவூட்ட விரும்புகின்றோம். 1918இல் பிறந்த அவர் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் பயின்றவர். (மிஷன் பள்ளியிற் படித்த எமக்கு அதிலொரு தனி மகிழ்ச்சி!) கொழும்பிலிருந்து கேம்பிரிட்ஜ் சென்று, பேரறிஞர் டிராக்கிடம் ஆராய்ச்சி மாணவரானார்.

வேகம் மாறும் இலத்திரன் கதிர்வீசிச் சக்தியை இழக்கும். அவ்விழப்பையும் சேர்த்து அதன் இயக்கத்திற்கு 1938இல் டிராக் ஒரு சமன்பாடு தந்திருந்தார். ஐதரசன் அணுவின் கருவை நோக்கி நேர்கோட்டில் வரும் இலத்திரனுக்கு எலியேசர் அதைப் பொருத்திப் பார்த்தார். சக்தி குறையக் குறைய அது கருவில் விழுமென்றே எவரும் எண்ணுவர். கணக்கோ, அது கருவை எட்டாமலே திரும்பி, மேலும் மேலும் வேகங்கொண்டு வெளியே ஓடுமென்றது! இயற்கைக்கு ஒவ்வாத விடை. குருவின் சமன்பாடாயிற்றே என்று அவர் அதை மூடிவைக்கவில்லை. 1943இல் கேம்பிரிட்ஜிலேயே அச்சேற்றினார். அப்பொருளை ஆராய்வோர் இன்றும் அக்கட்டுரையை எடுத்துக்காட்டுகின்றனர்.

பின்னர் இலங்கையிலும் மலாயாவிலும் மெல்போர்னிலும் பேராசிரியராயிருந்து 2001இல் காலமானார். பெரியோர் சொன்ன வாத்தியார் வேலையும் விட்டுப்போகவில்லை!