யத்தீம் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

(அனாதை இல்லப் பொறுப்பாளர்கள், மதரஸா ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



எய்ட்ஸைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுங்கள் என்றால், "வெட்கமான விஷயமாயிற்றே!" என்கிறோம். நான் திருப்பிக் கேட்கிறேன். குளிப்பு எப்போது கடமையாகும் என்று மதரஸாவில் பாடம் நடத்துகிறோமா, இல்லையா? ஹைளு, நிஃபாஸ் சட்டங்களைக் கற்றுக் கொடுக்கிறோமா, இல்லையா? மார்க்கச் சட்டத்தைக் கற்பதற்குத் தடையாக இல்லாத வெட்கம், உயிர் காக்கும் அறிவுக்கு மட்டும் எப்படித் தடையாகும்?

இது எங்கோ அமெரிக்காவில் உள்ள நோயல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாக 1986-ல் கண்டறியப்பட்டதே சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான். தாய் தந்தை உள்ள பிள்ளைக்குச் சொல்ல வீட்டில் ஆள் உண்டு. யத்தீம்கானாவில் வளரும் பிள்ளைக்கும், படிப்பை விட்டுப் பட்டறைக்குப் போகும் பிள்ளைக்கும் யார் இருக்கிறார்கள்? நாம் சொல்லாவிட்டால் தெரு சொல்லும். அது தப்பும் தவறுமாகத்தான் சொல்லும்!

எப்படிச் சொல்வது?

நமது உடல் ஒரு கோட்டை. ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அதன் காவலர்கள் என்று தொடங்குங்கள். அவற்றில் சி.டி.4 என்ற வகை, மற்ற காவலர்களுக்கு உத்தரவிடும் தளபதி. மற்ற கிருமிகளைக் காவலர்கள் விரட்டி விடுவார்கள். எச்.ஐ.வி.யோ தளபதிக்குள்ளேயே புகுந்து, அங்கேயே பெருகி, அவனையே அழிக்கிறது. மருந்து எடுக்காவிட்டால் சில ஆண்டுகளில் காவல் குலைகிறது. காசநோய் போன்றவை எளிதில் நுழைகின்றன. அந்த நிலைக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர்.

உடலுறவு, கிருமியுள்ள ரத்தம், பலருக்குப் போட்ட ஊசி, கிருமியுள்ள தாயிடமிருந்து பிள்ளை ஆகிய வழிகளில் இது பரவுகிறது. ஒரே சஹனில் சாப்பிட்டாலோ, ஒரே ஹவுழில் ஒளுச் செய்தாலோ, கொசு கடித்தாலோ பரவாது.

"சுன்னத் செய்தவனுக்கு வராது" என்று சிலர் நம்புகிறார்கள். ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகளின்படி, பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பை அது சுமார் 60 சதவீதம் குறைக்கிறது. முழுப் பாதுகாப்பு அல்ல. விபச்சாரத்தை விட்டு விலகியிருப்பதே நமது முதல் கேடயம். ஆனால் வளர்ந்த பிள்ளை ஆணுறையைப் பற்றிக் கேட்டால் மருத்துவ உண்மையை மறைக்காதீர்கள். அது ஹராமை ஹலாலாக்காது. கிருமியுள்ள கணவனிடமிருந்து மனைவியைக் காக்கும்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். யாராவது தகாத முறையில் தொட்டால், அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், சத்தம் போடு, எங்களிடம் வந்து சொல், உன்மீது குற்றமில்லை. 1098-க்கும் பேசலாம் என்று அந்த எண்ணை மனப்பாடம் செய்ய வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை

"பாவம் செய்தவனுக்கு வரும் தண்டனை" என்று மட்டும் பாடம் நடத்தி விடாதீர்கள். உங்கள் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒன்று பிறக்கும்போதே இக்கிருமியோடு பிறந்திருக்கலாம். அந்தப் பிள்ளை செய்த பாவம் என்ன? கணவனிடமிருந்து நோயைப் பெற்ற அதன் தாய் செய்த பாவம் என்ன? பயந்துபோன பிள்ளை பரிசோதனைக்கு வராது. மாத்திரையை ஒளித்து வைக்கும்.

2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நோய் முற்றிலும் நீங்காது. ஆனால் ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளை படிக்கலாம், வேலை பார்க்கலாம், நிக்காஹ் செய்யலாம். ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிய நிலை நீடித்தால் உடலுறவு மூலம் துணைக்கும் பரவாது.

எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகக் கல்வி நிலையத்தில் இடம் மறுப்பதையும், அனுமதியின்றி அதை வெளியில் சொல்வதையும் 2017-ல் இயற்றப்பட்ட சட்டம் தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும். யத்தீமாக வளர்ந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். தாய் தந்தையை இந்நோய்க்குப் பறிகொடுத்து வாசலில் நிற்கும் பிள்ளையை, "வேறு இடம் பாருங்கள்" என்று நாம் திருப்பி அனுப்பலாமா?

வரும் வாரமே உங்கள் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். ஆலோசகரை அழைத்து வந்து முதலில் ஆசிரியர்களுக்கும், பிறகு ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வகுப்பு நடத்துங்கள். நமது பொறுப்பில் உள்ள பிள்ளைகள் அமானிதம். அதைப் பேணும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! வஸ்ஸலாம்.