சிறுதொழிலகத்தின் உள்வலை: சித்தூரிலும் திருப்பதியிலும் அடுக்குச் சுவிட்சுகள்

(ஓர் உரையின் வாசகம்)

மாங்காய்ப் பருவத்தில் சித்தூர் மாவட்டத்துச் சாலைகளில் செல்வோர், கூழ் ஆலைகளின் வாயில்களில் டிராக்டர்களும் லாரிகளும் நீண்ட வரிசையில் நிற்பதைக் காணலாம். தமிழ்நாட்டில் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் தோத்தாபுரி மாங்காய்தான் இவ்வண்டிகளில் வருகிறது. தமிழகத்தின் கிருஷ்ணகிரியும் ஆந்திரத்தின் சித்தூரும் நாட்டின் முக்கியமான மாம்பழக் கூழ் உற்பத்தி மையங்களாகும். வாயிலில் உள்ள எடைமேடையில் வண்டி ஏறியதும் ஓர் எண் பதிவாகிறது. விவசாயியின் ஓராண்டு உழைப்புக்கு உரிய கணக்கு அந்த எண்ணிலிருந்தே தொடங்குகிறது.

2025ஆம் ஆண்டுப் பருவத்தில் விலை வீழ்ச்சியுற்றபோது இந்த எண்ணின் முக்கியத்துவம் மேலும் உயர்ந்தது. கிலோ ஒன்றுக்கு 12 ரூபாய் கிடைக்க வேண்டுமென்றும், அதில் 8 ரூபாயை ஆலைகள் தரவேண்டுமென்றும், 4 ரூபாயை அரசு வழங்குமென்றும் ஆந்திர அரசு அறிவித்தது. பின்னர் மத்திய அரசும் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின்கீழ் 1,62,500 டன் தோத்தாபுரிக்கு, குவிண்டால் ஒன்றுக்கு 1,490 ரூபாய் 73 காசு என்ற விலையில், செலவைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள இசைந்தது. எவ்விதமான உதவித்தொகையாயினும், எந்த விவசாயி எவ்வளவு சரக்குக் கொண்டுவந்தார் என்ற பதிவு இன்றி அது உரியவரைச் சென்றடையாது. எடைமேடையிலிருந்து அலுவலகக் கணிப்பொறிக்கு அந்தப் பதிவைக் கொண்டுசெல்வது ஆலையின் உள்வலையாகும். உள்வலை நின்றால் காகிதச் சீட்டில் எழுதி, பிறகு கணிப்பொறியில் ஏற்றவேண்டியதாகிறது. பிழைகளும் அவற்றால் எழும் வழக்குகளும் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன.

ஆலையிலிருந்து வெளியே செல்லும் சரக்குக்கும் இதே நிலைதான். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்கு மாநில எல்லையைக் கடக்க, 2018 ஏப்ரல் 1 முதல் மின்வழிச் சீட்டு தேவைப்படுகிறது. 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் தொழில் நிறுவனங்களுக்கு விற்கும்போது மின்னணு விலைப்பட்டியல் தரவேண்டுமென்ற விதி 2023 ஆகஸ்டு 1 முதல் நடைமுறையில் உள்ளது. கூழ் நிரப்பிய பீப்பாய்கள் ஏற்றிய லாரி சென்னைத் துறைமுகத்துக்குப் புறப்பட வேண்டுமானால், அலுவலக மேசையிலுள்ள கணிப்பொறி இணையத்தை எட்டியாக வேண்டும்.

வாயில்வரை வந்த கண்ணாடி இழை

இணையத்தை ஊர்களுக்குக் கொண்டுவரும் பணியில் அரசின் பங்கு பெரிது. ஆந்திரப் பிரதேசம் கண்ணாடி இழைக் கேபிளை மண்ணைத் தோண்டிப் புதைக்காமல், மின்கம்பங்களின் மீதே கட்டிச்சென்ற முறை பலரின் கவனத்தை ஈர்த்தது. ஃபைபர்நெட் எனப்படும் அத்திட்டத்தை 2017 டிசம்பர் 27 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தொடங்கிவைத்தார். வீடுகளுக்கு மாதம் 149 ரூபாயில் இணையமும் தொலைக்காட்சியும் தொலைபேசியும் சேர்த்துத் தருவதாகத் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. ஊராட்சிகளை இணைக்கும் பாரத்நெட் நாடு முழுவதற்குமானது.

எனினும், இத்திட்டங்கள் யாவும் நிறுவனத்தின் வாயிலோடு முடிந்துவிடுகின்றன. வாயிலுக்கு உட்பட்ட சில நூறு மீட்டர் தூரம் நிறுவனத்தின் சொந்தப் பொறுப்பு. திட்ட ஆவணங்களில் அதிகம் பேசப்படாத தூரமும் இதுவே.

சுவிட்ச் என்பது யாது?

இங்கே சுவிட்ச் என்பது விளக்கை ஏற்றும் பொத்தான் அன்று. பல கணிப்பொறிகளின் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி அது. ஒரு கருவி அனுப்பும் செய்தியை எல்லோருக்கும் பரப்பாமல், உரிய போர்ட்டுக்கு மட்டும் அது அனுப்பிவைக்கும். ஈதர்நெட் முறை 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் உருவாயிற்று. எனினும் ஈதர்நெட் சுவிட்ச் விற்பனைக்கு வந்தது 1990இல்தான். அதை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் கல்பனா. நிறுவனர்களுள் ஒருவரான வினோத் பரத்வாஜ் தம் மனைவியின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1994இல் சிஸ்கோ அதனை வாங்கிக்கொண்டது.

ஒரு பெட்டியில் பொதுவாக 24 அல்லது 48 போர்ட்டுகள் இருக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் இரண்டாம் பெட்டியை வாங்கிச் சாதாரணக் கேபிளால் முதலாவதுடன் இணைக்கலாம். ஆனால் இரு பெட்டிகளுக்கும் தனித்தனி முகவரி, தனித்தனி அமைப்பு, தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள கேபிளோ நெரிசலான ஒற்றைப் பாலமாகிவிடும். அடுக்குச் சுவிட்சுகளில் இந்தக் குறை தவிர்க்கப்படுகிறது. தனிக் கேபிள்களால் வளையமாகப் பிணைக்கப்பட்ட பெட்டிகள் ஒரே முகவரியுடன், ஒரே அமைப்புக் கோப்புடன், ஒரே சுவிட்சாக இயங்குகின்றன. சிஸ்கோ 2003இல் வெளியிட்ட 3750 வரிசையில் ஒன்பது பெட்டிகள்வரை இவ்வாறு சேர்க்க முடிந்தது. 2008இல் ஜூனிப்பர் நிறுவனமும் இதே நோக்கில் தன் வரிசையை வெளியிட்டது.

சித்தூரிலுள்ள நடுத்தர அளவு ஆலை ஒன்றில் முழுநேரக் கணிப்பொறிப் பொறியாளர் இருப்பது அரிது. பழுது நேர்ந்தால் திருப்பதியிலிருந்தோ வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஆள் வரவேண்டும். கவனிக்க வேண்டிய பெட்டிகளின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைப்பதே அத்தகைய நிறுவனத்துக்கு அடுக்குமுறை தரும் உண்மையான நன்மை. வேகம் இரண்டாம் பட்சமே. விளம்பரங்களோ வேகத்தை முன்னிறுத்துகின்றன.

அமைக்கும் முறை

எடுத்துக்காட்டாக, இரு எடைமேடைகள், இருபது கணிப்பொறிகள், முப்பது கண்காணிப்புக் கேமராக்கள், சில அச்சுப்பொறிகள், வைஃபை நிலையங்கள் என எழுபது கருவிகளைக் கொண்ட ஓர் ஆலையைக் கொள்ளலாம். 24 போர்ட் பெட்டிகள் மூன்றை வாங்கினால் 72 இடங்கள் கிடைக்கும். விரிவுக்கு இடம் எஞ்சாது. 48 போர்ட் பெட்டிகள் இரண்டே பொருத்தமானவை. இரண்டையும் இரு அடுக்குக் கேபிள்களால் இணைக்க வேண்டும். ஒரு கேபிளோடு நிறுத்திக்கொள்வோர் உண்டு. அக்கேபிள் கழன்றால் அடுக்கே இரண்டாகப் பிளந்துவிடும். அப்போது இரு பெட்டிகளும் தாமே தலைமை என்று கருதி, ஒரே முகவரியைக் கோரும். அதனால் விளையும் குழப்பம் முழு நிறுத்தத்தைவிடத் தொல்லையானது. இப்பிளவைக் கண்டறியும் வசதி சுவிட்சில் இருந்தால் அதை முன்னதாகவே இயக்கிவைக்க வேண்டும்.

அடுக்கில் ஒரு பெட்டி தலைமையேற்கும். மற்றொன்று துணைத் தலைமையாகக் காத்திருக்கும். எது தலைமை என்பதை முன்னுரிமை எண்ணால் வெளிப்படையாகக் குறிப்பிடுவது நன்று. குறிப்பிடாவிட்டால், சில தயாரிப்புகளில் மின்தடை நீங்கியதும் முந்தி எழுந்த பெட்டியே தலைமையேற்றுவிடும். இரு பெட்டிகளிலும் ஒரே பதிப்பு மென்பொருள் இருத்தல் வேண்டும். பின்னாளில் மூன்றாவது பெட்டியைச் சேர்க்கும்போது, அதற்கு மின்சாரம் தராத நிலையிலேயே கேபிளைப் பொருத்தி, அதன்பின் இயக்க வேண்டும். இயங்கும் பெட்டியை இயங்கும் அடுக்கில் நுழைத்தால் தலைமைத் தேர்தல் மீண்டும் நிகழும். தோற்ற பக்கம் அணைந்து எழும். வேலைநேரத்தில் இது நேர்ந்தால் எடைமேடை நிற்கும்.

அடுக்கு ஒரே சுவிட்சாக இயங்கினாலும் பெட்டிகள் இரண்டுதான் என்பதைக் கேபிள்களைப் பொருத்தும்போது மறக்கலாகாது. இரு எடைமேடைகளையும் ஒரே பெட்டியில் பொருத்தினால் அடுக்கு வாங்கியதன் பயன் பாதி போய்விடும். முதல் மேடை முதற்பெட்டியிலும், இரண்டாம் மேடை இரண்டாம் பெட்டியிலும் இருக்கட்டும். கணக்குப் பதிவுக் கணிப்பொறிக்கு இரு கேபிள்கள் இட்டு, இரு பெட்டிகளுக்கும் ஒவ்வொன்றாகப் பகிர்ந்து, ஒரே இணைப்பாகச் சேர்க்கும் வசதி அடுக்குச் சுவிட்சில் உண்டு. இணைய வாயிற்கருவிக்கும் இவ்வாறே செய்யலாம்.

கேமராக்கள் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறுபவை. 2003இல் வந்த தரவிதிப்படி ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரலாம். 48 போர்ட்டுகளும் முழு அளவில் தரவேண்டுமானால் ஏறத்தாழ 740 வாட் வேண்டும். ஆனால் 48 போர்ட் பெட்டிகளில் சில 370 வாட் வழங்குதிறனோடும் விற்கப்படுகின்றன. அவற்றில் 24 போர்ட்டுகளே முழு அளவு பெறும். விலைப்பட்டியலில் போர்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒப்பிடும் கொள்முதல் அலுவலர் இங்கே ஏமாற வாய்ப்புண்டு. ‘அடுக்கக்கூடியது’ என்ற சொல்லும் அத்தகையதே. சில பெட்டிகளில் அது ஒரே திரையிலிருந்து பல சுவிட்சுகளை நிர்வகிக்கலாம் என்பதை மட்டுமே குறிக்கும். செய்திப் போக்குவரத்தில் அவை தனித்தனியே இயங்கும். ஒப்பந்தப் புள்ளியில் ‘ஒரே அமைப்புக் கோப்பு, பெட்டிகளுக்கு இடையே இணைப்புச் சேர்க்கை, தலைமை வீழ்ந்தால் துணை தானே ஏற்றல்’ ஆகிய மூன்றையும் எழுதிக் கேட்பதே பாதுகாப்பு.

செப்புக் கேபிளின் எல்லை 100 மீட்டர். ஆலை வாயிலிலுள்ள எடைமேடை அலுவலகத்திலிருந்து அதற்கு மேல் விலகியிருப்பின் கண்ணாடி இழையே வழி. தூரம் குறைவாயினும் கட்டடங்களுக்கு இடையே இழையிடுவது நலம். கோடை இடிமழையில் மின்னல் பாய்ச்சலைச் செப்புக் கேபிள் சுவிட்சுவரை கொண்டுவரும், இழை கொண்டுவராது.

இன்னொரு கேடு மனிதரால் வருவது. ஆய்வுக்கூடத்தில் போர்ட் போதவில்லையென்று யாரேனும் மலிவான சிறு சுவிட்ச் ஒன்றை வைத்து, ஒரே கேபிளின் இரு முனைகளையும் அதில் செருகிவிடுவார். செய்திகள் சுழன்று பெருகி வலை முழுவதும் மூச்சுத் திணறும். இத்தகைய சுழலை அறுக்கும் நெறிமுறையை 1985இல் ரேடியா பெர்ல்மன் வகுத்தார். இன்றும் அதன் வழித்தோன்றல்களே பயனில் உள்ளன. அடுக்கில் அது இயங்குகிறதா என்று பார்ப்பதோடு, கருவிகளுக்கான போர்ட்டில் வேறு சுவிட்ச் செருகப்பட்டால் அப்போர்ட்டைத் தானே மூடும் காவலையும் இயக்க வேண்டும்.

திருப்பதியின் தேவை வேறு

2022 ஏப்ரல் 4 அன்று தனி மாவட்டத்தின் தலைநகராகிய திருப்பதியில் சிறுதொழில் என்பது பெரிதும் விடுதியும் உணவகமும் பயண ஏற்பாடும் ஆகும். ஐந்து மாடி விடுதி ஒன்றுக்கு அடுக்குச் சுவிட்சை விற்க முன்வருவோரிடம், அடுக்குக் கேபிளின் நீளத்தைக் கேட்பது நல்லது. அது பெரும்பாலும் சில மீட்டரே இருக்கும். ஒரே ரேக்கில் அமரும் பெட்டிகளுக்காகச் செய்யப்பட்டது. ஒவ்வொரு மாடியிலும் சிறு சுவிட்ச் வைத்து, அவற்றைக் கீழ்த்தளத்துக்கு இழையால் இணைப்பதே இங்கு ஏற்றது. பெரிய விடுதியானால் கீழ்த்தளத்தில் மட்டும் இரு பெட்டி அடுக்கு போதும். யாத்திரிகர்களின் வைஃபையையும் விடுதியின் கணக்கையும் ஒரே வலையில் விட்டுவைக்காமல், விலான் எனப்படும் தனித்தனி உட்பிரிவுகளாக்குவதே விடுதிக்கு அடுக்கைவிட அவசரமான வேலையாகும்.

கடிகாரமும் குறிப்பேடும்

கணிப்பொறி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, நிறுவனங்களின் கருவிக் கடிகாரங்களைத் தேசிய நேர மூலங்களோடு ஒத்திசைக்கவும், பதிவேடுகளை 180 நாள் பாதுகாக்கவும், பாதுகாப்பு மீறல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. சிறு நிறுவனங்களுக்கு அவ்வாண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் தரப்பட்டது. அடுக்குச் சுவிட்சில் இவற்றை ஒருமுறை அமைத்தாலே எல்லாப் பெட்டிகளுக்கும் பொருந்தும். அமைப்புக் கோப்பின் படியொன்றை வேறிடத்தில் வைத்தலும், எந்தப் போர்ட்டில் எந்தக் கருவி என்ற அட்டவணையை ரேக் கதவில் ஒட்டுதலும் செலவற்றவை. சித்தூரில் அவ்வட்டவணையைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதிவைத்தால் இரவுப்பணிக் காவலரும் தொலைபேசியில் கேட்டுக் கேபிளை மாற்ற முடியும்.

மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பெரும்பாலான அடுக்குகள் முழுவதும் அணைந்து எழும். ஆதலின் அது பருவத்துக்கு முன்னரே முடிய வேண்டும். அதற்கு உகந்த மாதம் ஏப்ரல். புதுப்பித்த மறுநாள், எல்லோரும் பணியில் இருக்கையில், முதற்பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு இரண்டாம் எடைமேடையில் ஒரு வண்டியை ஏற்றிப் பார்க்க வேண்டும். சீட்டு வந்தால் கம்பியை மீண்டும் செருகி, இரண்டாம் பெட்டிக்கும் அவ்வாறே செய்யலாம்.