கேட்காத கடன் பாழ்!

(‘புறநகரங்கள் சீர்கெட்டுக் கிடக்கப் பெரிதும் காரணம் நிர்வாகமா? மக்களா?’ என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில், ‘மக்களே!’ என்ற அணியில் ஆற்றிய உரை)

இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்துக்கொண்டே கடைசியில் ஒரு பக்கத்தைக் கவிழ்க்கப் போகிற நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று இப்போதே மடக் மடக்கென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) கையில் சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால பேசின எதிரணி அண்ணன் ஒரு பட்டியல் வாசிச்சாரு. தெருவிளக்கு எரியல, குப்பை வண்டி வரல, ரோடு போட்ட மூணாம் நாள் வந்து தோண்டிட்டாங்க, வரி கட்டுறோமே வசதி எங்கேன்னு கர்ஜனை பண்ணாரு. நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. எதிரணியில இருக்கோமேன்னு பார்க்காம நானும் தட்டினேன். ஏன்னா அவர் சொன்னதுல பொய் இல்லை. நானும் புறநகர்ல குடியிருக்கிறவதான். எந்த ஊர்னு சொல்ல மாட்டேன். சொல்லாம விட்டாத்தான் ஆளாளுக்கு ‘நம்ம ஊரைத்தான் சொல்றா’ன்னு நினைச்சுக்குவீங்க. (சிரிப்பு)

ஆனா அந்த அண்ணன்கிட்ட ஒரே ஒரு கேள்வி. அண்ணே, உங்க வார்டு நம்பர் என்ன?

(எதிரணியில் மௌனம். சிரிப்பு, கைதட்டல்)

பார்த்தீங்களா நடுவர் அவர்களே! அமெரிக்காவுல அதிபர் யாருன்னு தெரியும். கிரிக்கெட்ல யார் எத்தனை ரன் அடிச்சாங்கன்னு தெரியும். சீரியல்ல மாமியார் எந்தப் பாலில் விஷம் கலந்தாள்னு தெரியும். (சிரிப்பு) சொந்த வார்டு நம்பர் தெரியாது! நாட்டுக்கு ஒரு அரசு டெல்லியில. மாநிலத்துக்கு ஒரு அரசு கோட்டையில. செருப்பு மாட்டிக்கிட்டு நடந்துபோயே கேள்வி கேக்கக்கூடிய ஒரே அரசு நம்ம நகராட்சி, மாநகராட்சிதான். பக்கத்துல இருக்கிறதை நாம தூரத்துல வெச்சிருக்கோம்.

இன்னொண்ணு சொல்றேன். தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2011-இல் தேர்தல் நடந்துச்சு. 2016 அக்டோபர்ல அவங்க பதவிக்காலம் முடிஞ்சுது. அடுத்த தேர்தல் எப்போ? 2022 பிப்ரவரி 19. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல மேயரும் கிடையாது, சேர்மனும் கிடையாது, கவுன்சிலரும் கிடையாது. தனி அலுவலர்களை வெச்சு ஓட்டினாங்க. ‘அதுக்கும் மக்கள்தான் காரணமா’ன்னு எதிரணி கேக்கும். இல்லைங்க. தேர்தல் நடத்தாதது நம்ம தப்பு இல்லை. ஆனா வீட்டுல மூணு நாள் கேபிள் வரலைன்னா நாம போடுற சத்தம் என்ன! அஞ்சு வருஷம் கவுன்சிலர் இல்லையே, எத்தனை வீட்டுல அதைப் பத்தி ஒரு பேச்சு நடந்துச்சு?

நடுவர் அவர்களே, உத்திரமேரூர் நீங்க போயிருப்பீங்க. தாம்பரத்துலேர்ந்து செங்கல்பட்டு வழியா பஸ் ஏறினா போயிடலாம். அங்க வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. கி.பி. 919, 921. ஆயிரத்து நூறு வருஷம் ஆச்சு. ஊரை 30 குடும்பாப் பிரிச்சு, ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்லியிருக்காங்க. ஏரியைப் பார்த்துக்க ஏரி வாரியம், தோட்டத்தைப் பார்த்துக்க தோட்ட வாரியம்னு தனித்தனியா வெச்சிருக்காங்க.

அந்தக் குடவோலையில எல்லாருக்கும் இடம் இருந்துச்சுன்னு நான் சொல்ல வரல. நிலம் வெச்சிருந்த, வேதம் படிச்ச ஆம்பளைங்களுக்குள்ள நடந்த தேர்வு அது. என்னை மாதிரி ஒரு பொம்பளை அங்க போயிருந்தா குடத்தைத் தூக்கிட்டுத் தண்ணி எடுக்கப் போன்னு சொல்லியிருப்பாங்க. (சிரிப்பு) ஆனா அந்தக் கல்லுல ஒரு விதி இருக்கு. வாரியத்துல இருந்துட்டுக் கணக்கு காட்டாதவன் மறுபடி பதவிக்கு வர முடியாது. அவன் மட்டும் இல்லை, அவனுடைய நெருங்கிய சொந்தக்காரனும் வர முடியாது! (பலத்த கைதட்டல்) இந்தக் கைதட்டல் எதிரணிக்குப் போயிடக் கூடாது. கணக்கு காட்டணும்னு விதி எதுக்கு வந்துச்சு? கணக்கு கேக்கிற ஊர் இருந்ததாலதான் வந்துச்சு.

இப்ப என் வீட்டுக் கதையைச் சொல்றேன். இது சிரிக்கிற கதை இல்லை.

எங்க தெருவுல 42 வீடு. ஓரத்துல மழைநீர் வடிகால். அதை மூடியிருந்த சிமெண்டுப் பலகையில ஒண்ணு, ஒரு நாள் லாரி ஏறி உடைஞ்சு போச்சு. உடனே எங்க தெருவே பொங்கி எழுந்து என்ன செஞ்சோம் தெரியுங்களா? ஒரு முருங்கைக் கிளையை ஒடிச்சு அந்தக் குழியில நட்டு வெச்சோம்! (சிரிப்பு) அவ்வளவுதான். ஒன்றரை மாசம் அந்தக் கிளைதான் எங்களுக்கு மேயர், கமிஷனர், எஞ்சினீயர் எல்லாம். நான் தினமும் ஸ்கூட்டரை வளைச்சு ஓட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். என் பையனுக்கு ‘பார்த்துத் தாண்டிக் குதிடா கண்ணா’ன்னு சொல்லிக் கொடுத்தேன். படிச்சவ. பிள்ளைங்களுக்குக் குடிமையியல் பாடம் எடுக்கிறவ.

கார்த்திகை மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நல்ல மழை. தெருவுல கணுக்கால் அளவு தண்ணி. முருங்கைக் கிளை அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பி வந்த எங்க அத்தை, என் வீட்டுக்காரரோட அம்மா, அந்தக் குழியில காலை விட்டுட்டாங்க. எழுபத்தோரு வயசு. இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணி, கம்பி வெச்சு, இன்னிக்கு வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு நடக்குறாங்க. யார் துணையும் இல்லாம வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போன மனுஷி, இப்ப வாசல்ல உட்கார்ந்து, ‘யாராவது கூட்டிட்டுப் போறீங்களாம்மா’ன்னு கேக்குறாங்க.

(அரங்கில் அமைதி)

நான் கோபத்தோட ஆபீசுக்குப் போனேன். எதிரணி அண்ணன் பேசின அத்தனை வசனமும் நான் அங்க பேசினேன். அந்த அதிகாரி நிதானமா ஒரு பதிவேட்டை எடுத்து என் முன்னால திருப்பி வெச்சாரு. ‘நாங்க சுத்திப் பார்த்திருக்கணும், அது எங்க தப்புதான். ஆனா நீங்களே பாருங்கம்மா, உங்க தெருவுலேர்ந்து ஒரு மனுகூட இல்லை’ன்னாரு. நடுவர் அவர்களே, 42 வீடு! ஒரு மனு இல்லை! எதிர்வீட்டுக்காரர் கொடுத்திருப்பாருன்னு நான் நினைச்சேன். டீச்சரம்மா கொடுத்திருப்பாங்கன்னு எதிர்வீட்டுக்காரர் நினைச்சாரு. அத்தை விழுந்தது சிமெண்டுப் பலகை இல்லாத குழியில இல்லீங்க. எங்க 42 வீட்டு மௌனத்துல! (நீண்ட கைதட்டல்)

அப்புறம் கேட்டோம். மனு கொடுத்து ரசீது வாங்கினோம். ஒரு மாசம் ஆச்சு, ஒண்ணும் நடக்கல. அதோ, எதிரணி சிரிக்குது! பொறுங்க. 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டி, மூணே மூணு கேள்வி கேட்டோம். இந்த வடிகாலைக் கட்டினது எப்போ? செலவு எவ்வளவு? புதுப் பலகை என்னிக்கு வரும்? சட்டப்படி 30 நாளைக்குள்ள பதில் சொல்லணும். இருபத்தி ரெண்டாவது நாள், பதில் வர்றதுக்கு முன்னாடியே பலகை வந்துருச்சு! (சிரிப்பு, கைதட்டல்)

பலகை போட வந்த மேஸ்திரி சும்மா போகல. ‘உங்க தெருவுல தண்ணி நிக்கிறதுக்கு மழை காரணம் இல்லைம்மா. காரை ஏத்தறதுக்கு அவங்கவங்க வாசல்ல சிமெண்டுச் சரிவு போட்டு வடிகால் வாயை அடைச்சிருக்கீங்களே, அதுதான் காரணம்’னு சொல்லிட்டுப் போனாரு. எண்ணிப் பார்த்தோம். பதினேழு வீடு. அதுல ஒண்ணு எங்க வீடு! என் வீட்டுக்காரர் ஆசை ஆசையாக் கட்டின சரிவு. அதை இடிக்கச் சொன்னப்ப அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, கல்யாணமான புதுசுலகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. (பலத்த சிரிப்பு) இடிச்சோம். முதல்ல எங்க வீட்டுச் சரிவு. அதுக்கப்புறம்தான் மத்த வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு வாய் வந்துச்சு.

2015 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஒண்ணாந்தேதி ஆரம்பிச்ச மழை, ஒரே நாள்ல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் கொட்டிச்சு. அடையாற்றங்கரை ஊர்கள் எல்லாம் மூழ்கிப் போச்சு. ஏரியில மனை போட அனுமதி கொடுத்தவங்க யாருன்னு எதிரணி கேக்கும். கேளுங்க, அவசியம் கேக்கணும். ஆனா மனை வாங்கப் போனப்ப நாம என்ன கேட்டோம்? வாசல் கிழக்கு பார்த்து இருக்கா? ஸ்டேஷன் எத்தனை நிமிஷம்? மழைத் தண்ணி எந்தப் பக்கம் பார்த்துப் போகும்னு எத்தனை பேர் கேட்டோம்? (கைதட்டல்) உத்திரமேரூர்ல ஏரிக்குன்னு ஒரு வாரியமே வெச்ச ஊர்க்காரங்களுக்குப் பக்கத்துலதான் நாமளும் இருக்கோம்.

கடைசியா ஒரு விஷயம். எங்க மாமனார் வீடு கட்டினப்போ எங்க ஊர் வெறும் ஊராட்சி. கிராம சபை கூடும். மரத்தடியில நின்னு, ‘தலைவரே, பம்பு செட்டுக் கணக்கு என்னாச்சு?’ன்னு யார் வேணும்னாலும் கேக்கலாம். அப்புறம் ஊர் வளர்ந்துச்சு. பேரூராட்சி ஆச்சு, நகராட்சி ஆச்சு, மாநகராட்சி ஆச்சு. தாம்பரத்தையே எடுத்துக்குங்க. 2021-இல் அஞ்சு நகராட்சியையும் அஞ்சு பேரூராட்சியையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினாங்க. 70 வார்டு. பெருமைதான்! ஆனா ஊராட்சியா இருந்த ஊர், பேரூராட்சியா மாறுற அன்னிக்கே கிராம சபை போயிருதே! போர்டுல பேர் பெரிசாகப் பெரிசாக, கேக்கிற இடம் சின்னதாயிட்டே வந்துச்சு.

2022-இல் அந்த இடம் திரும்பக் கிடைச்சுது. வார்டு கமிட்டி, பகுதி சபைன்னு நகரத்துக்கும் விதி வந்துச்சு. அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி, தாம்பரம் மாநகராட்சியில இருக்கிற பம்மல்ல நடந்த பகுதி சபைக் கூட்டத்துல அன்றைய முதலமைச்சரே வந்து உட்கார்ந்தாரு. உள்ளாட்சியில பெண்களுக்கு மூணுல ஒரு பங்கு இடம்னு அரசியல் சட்டத்துல 1992-இல் திருத்தம் கொண்டுவந்தாங்க. தமிழ்நாட்டுல 2016-இல் சட்டம் போட்டுப் பாதி இடம்னு ஆக்கினாங்க. அன்னிக்குக் குடத்துல பேர் இல்லாத நமக்கு இன்னிக்குச் சபையில சரிபாதி!

எங்க பகுதியில முதல் கூட்டம் நடந்தப்போ நான் போனேன். நாற்காலி நூறு போட்டிருந்தாங்க. வந்தது பதினொரு பேர். அதுல ரெண்டு பேர் காபி கொடுக்க வந்தவங்க. (சிரிப்பு) சிரிக்காதீங்க. மீதி எண்பத்தொன்பது நாற்காலி யாருடையது? நம்முடையது!

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடிச்சிடறேன் நடுவர் அவர்களே. ‘கேட்டாத்தான் செய்வாங்களா, கேக்காம செய்யறதுதானே கடமை?’ன்னு எதிரணி கேக்கும். கடமைதான். நான் மறுக்கவே இல்லை. கடன் வாங்கினவன் தானா வந்து திருப்பிக் கொடுக்கிறதும் கடமைதான். ஆனா நம்ம பாட்டிமார் என்ன சொன்னாங்க? கேட்காத கடனும் பார்க்காத பயிரும் பாழ்! கடனை வாங்கிட்டு மறந்தவன் குற்றவாளியா இருக்கலாம். ஆனா கேக்காம விட்டா பாழாப் போறது யார் பணம்? நம்ம பணம். யார் தெரு? நம்ம தெரு. யார் இடுப்பெலும்பு? எங்க அத்தையுடைய இடுப்பெலும்பு!

போன கூட்டத்துக்கு எங்க அத்தை வந்தாங்க. வாக்கரோட வந்து முன்வரிசையில உட்கார்ந்தாங்க. ‘எதுக்கு அத்தை சிரமம்?’னு கேட்டேன். ‘எனக்கு ஆக வேண்டியது ஆயிருச்சு. அடுத்த தெருவுல ஒரு பலகை ஆடுது, அதைச் சொல்ல வந்தேன்’னாங்க. நடுவர் அவர்களே, அந்தப் பதினொரு பேர் கூட்டம் நூறு பேர் கூட்டமா மாறணும்னா, குறை வெளியே மட்டும் இல்லை, நம்ம மௌனத்துலயும் இருக்குன்னு நீங்க தீர்ப்புச் சொல்லணும். ஆகவே, நகரம் சீர்கெடப் பெரிதும் காரணம் கேட்காமல் இருக்கிற மக்களே, மக்களே என்று கூறி முடிக்கிறேன்!

(பலத்த கைதட்டல்)